ஆர்எக்ஸ்-7 திரும்பி வருகிறதா? அறிவிப்புகளை எடைபோட ஒரு வழிகாட்டி

ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் 2002 ஆகஸ்டில், ரோட்டரி எஞ்சின் கொண்ட ஆர்எக்ஸ்-7 விளையாட்டுக் காரின் உற்பத்தியை நிறுத்தியது. அந்தக் கார் திரும்பி வரப்போகிறது என்ற பேச்சு மட்டும் அன்றிலிருந்து நிற்கவில்லை. ஏதேனும் ஒரு காப்புரிமை வரைபடம் வெளியானால் போதும். ரசிகர்களில் ஒரு சாரார் முன்பதிவுக்கே தயாராகிவிடுகிறார்கள், மறு சாரார் இதுவும் புரளிதான் என்று கையை விரித்துவிடுகிறார்கள். இரண்டும் அவசர முடிவுகளே. அத்தகைய செய்தி ஒன்று கண்ணில் படும்போது அதில் எதை நம்பலாம், எதைத் தள்ளிவைக்கலாம், எந்த விவரத்துக்காகக் காத்திருக்கலாம் என்பதை வாசகரே தீர்மானித்துக்கொள்ள இந்த வழிகாட்டி உதவும்.

எது திரும்பி வர வேண்டும்?

செய்தியைப் படிப்பதற்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி இது. ஆர்எக்ஸ்-7 என்ற பெயரில் மூன்று தலைமுறைக் கார்கள் வந்தன: 1978இல் முதல் தலைமுறை, 1985இல் எஃப்சி எனப்படும் இரண்டாம் தலைமுறை, 1991இல் எஃப்டி எனப்படும் மூன்றாம் தலைமுறை. இன்று பெரும்பாலானோர் மனத்தில் இருப்பது எஃப்டிதான். வளைந்து தாழ்ந்த உடல், மேலெழும் முகப்பு விளக்குகள், 1,308 சிசி கொள்ளளவில் பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலும் இரண்டு ரோட்டர்கள், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ள ஒன்றன்பின் ஒன்றாக வேலைக்கு வரும் இரண்டு டர்போக்கள் ஆகியவை இருந்தும் அதன் எடை ஏறத்தாழ 1,260 கிலோதான். தொடக்கத்தில் 255 குதிரைத்திறன் தந்த அந்த எஞ்சின், 1999க்குள் 280ஐ எட்டிவிட்டது.

இவற்றில் எதை விட்டுக்கொடுக்க முடியும், எதை முடியாது என்று நீங்கள் வரிசைப்படுத்தி வைத்திருக்க வேண்டும். பெயர் மட்டும் போதும் என்பவருக்கு நம்பிக்கை வைக்க நிறைய இடமுண்டு. ரோட்டரி எஞ்சின் எந்த வடிவத்திலாவது இருந்தால் போதும் என்பவருக்கும் ஓரளவு இடமுண்டு. எடை குறைந்த உடல், சக்கரங்களை நேரடியாகச் சுழற்றும் ரோட்டரி, கையால் மாற்றும் கியர் ஆகிய மூன்றும் ஒருசேர வேண்டும் என்பவர், இதுவரை வெளியான எந்த அறிவிப்பிலும் அந்த வாக்குறுதி தரப்படவில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

கண்காட்சிக் காரைப் பார்க்கும் முறை

2015 தோக்கியோ கண்காட்சியில் மாஸ்டா ஆர்எக்ஸ்-விஷன் என்ற காரை நிறுத்தியது. அதன் அழகைக் குறை சொன்னவர்கள் அரிது. ஆனால் அது விற்பனைக்கு வரவேயில்லை. பெண் பார்த்துவிட்டுப் போனதையே கல்யாணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கண்காட்சிக் காரும் அப்படித்தான்.

பிற நிறுவனங்களின் வரலாற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு போக்கு தெரியும். டொயோட்டா 2014இல் எஃப்டி-1 (FT-1; மாஸ்டாவின் எஃப்டி அல்ல) என்ற மாதிரியைக் காட்டி, ஐந்தாண்டு கழித்து 2019இல் புதிய சூப்ராவைக் கொண்டுவந்தது. அதன் அடித்தளமும் எஞ்சினும் பிஎம்டபிள்யூவிடமிருந்து வந்தவை, அது கட்டப்பட்டது ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில். நிசான் 2020இல் காட்டிய இசட் புரோட்டோ அடுத்த ஆண்டே விற்பனை வடிவத்தை எட்டியது. அதற்கும், முன்பிருந்த 370இசட் காரின் அடித்தளம் கைவசம் இருந்தது. ஹோண்டா 2023இல் காட்டிய பிரெலூட் 2025 செப்டம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது, சிவிக் குடும்பத்தின் ஹைபிரிட் அமைப்பையே தாங்கி வந்தது. மறுபக்கம், நிசானின் ஐடிஎக்ஸும் டொயோட்டாவின் எஸ்-எஃப்ஆரும் கண்காட்சியோடு நின்றுபோயின.

ஆகவே வளைவு நெளிவுகளை ரசித்து முடித்ததும் கேட்க வேண்டிய கேள்வி, இந்த உடலுக்கு அடியில் ஏற்கெனவே செலவு செய்து முடித்த பாகம் ஏதாவது இருக்கிறதா என்பதே. ஆர்எக்ஸ்-விஷனுக்கு அப்போது அப்படி ஒரு எஞ்சின் இல்லை. வரவிருக்கும் ரோட்டரிக்கு மாஸ்டா வைத்த ஸ்கைஆக்டிவ்-ஆர் என்ற பெயர் மட்டும் இருந்தது. அடுத்து, வண்டியை நெருங்கிப் பார்க்க வேண்டும். வழக்கமான கதவுக் கைப்பிடி, பின்புறம் பார்க்கும் நிஜமான பக்கக் கண்ணாடிகள், எண்பலகைக்கான இடம், சட்டப்படியான உயரத்தில் விளக்குகள் ஆகியவை இருந்தால், பொறியாளர்கள் ஏற்கெனவே உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார்கள் என்று பொருள். இசட் புரோட்டோவில் இவை தெரிந்தன. 2023 அக்டோபரில் மாஸ்டா காட்டிய ஐகானிக் எஸ்பியின் கதவுகளோ மேல்நோக்கித் திறந்தன. அந்த விலைப் பிரிவில் அப்படிப்பட்ட கதவை விற்பனைக் காரில் எதிர்பார்ப்பது கடினம்.

ஆனாலும் ஐகானிக் எஸ்பியை வெறும் அலங்காரம் என்று ஒதுக்கிவிட முடியாது. 370 குதிரைத்திறன், 1,450 கிலோ எடை, 4.18 மீட்டர் நீளம் என்று தெளிவான எண்கள் அதனுடன் வந்தன. அதில் இருந்த இரட்டை ரோட்டர் எஞ்சினின் வேலை மின்சாரம் தயாரிப்பது. சக்கரத்தைச் சுழற்றுவது மோட்டார். 2025 அக்டோபரில் வந்த விஷன் எக்ஸ்-கூப்பே டர்போ பூட்டிய இரட்டை ரோட்டரும் மோட்டாரும் சேர்ந்து 510 குதிரைத்திறன் தரும் என்றது, ஆனால் அது நான்கு கதவுகளுடன் ஐந்து மீட்டரைத் தாண்டும் பெரிய வண்டி. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நிறுவனம் ரோட்டரியைக் கைவிடவில்லை என்பது உறுதியாகிறது. எஃப்டியின் வாரிசு எந்த உருவில் வரும் என்பதை அது இன்னும் முடிவு செய்யவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

சந்தேகத்தின் வேர் எஞ்சினுக்குள் இருக்கிறது

ரோட்டரியில் மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன் கிடையாது. இடுப்பு சற்றே ஒடுங்கிய நீள்வட்டக் கூட்டுக்குள் முக்கோண ரோட்டர் சுழல்கிறது; அதன் மூன்று முனைகளிலும் உள்ள மெல்லிய சீல்கள் கூட்டின் உட்சுவரை உரசியபடியே ஓடி, மூன்று அறைகளைத் தனித்தனியாகப் பிரித்து வைக்கின்றன. எரியும் அறை நீண்டும் தட்டையாகவும் இருப்பதோடு, எரிந்துகொண்டிருக்கும்போதே நகரவும் செய்கிறது. தீச்சுடர் அதன் பின்கோடியை முழுமையாக எட்டுவதற்குள் நேரம் தீர்ந்துவிடுகிறது. அகன்ற சுவர்ப் பரப்பு வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. ஒவ்வொரு ரோட்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக் வைத்தும் எரியாத எரிபொருள் ஓரளவு புகையோடு வெளியேறுகிறது. சீல் தேயாமலிருக்க உள்ளே செலுத்தப்படும் சிறிதளவு எண்ணெயும் அதனுடன் சேர்ந்து எரிகிறது.

1960களில் இந்தச் சீல்கள் உட்சுவரில் அலை அலையாகக் கீறல்களை உண்டாக்கின. மாஸ்டாவில் கெனிச்சி யமாமோத்தோவின் தலைமையில் வேலை செய்த பொறியாளர்கள் அவற்றைப் பேயின் நகக்கீறல் என்றே அழைத்தார்கள். அலுமினியம் ஊட்டிய கார்பன் சீலால் அதற்குத் தீர்வு கண்டு, 1967இல் காஸ்மோ ஸ்போர்ட் காரை விற்பனைக்கு அனுப்பினார்கள். 1991இல் பிரான்சின் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற மாஸ்டாவின் 787பி பந்தயக் கார் வரை ரோட்டரியின் புகழ் ஏறியது. புகை விதிகள் அந்தப் புகழைப் பொருட்படுத்தவில்லை. ஆர்எக்ஸ்-7க்குப் பின் வந்த ரோட்டரி காரான ஆர்எக்ஸ்-8, ஐரோப்பாவின் யூரோ 5 புகை விதியைத் தாண்ட முடியாமல் 2010இல் ஐரோப்பியச் சந்தையிலிருந்து விலகியது. 2012இல் அதன் உற்பத்தியும் முடிந்தது.

இந்தப் பின்னணியோடு பார்த்தால்தான், 2023இல் வந்த எம்எக்ஸ்-30 ஆர்-ஈவி ஏன் முக்கியம் என்பது புரியும். பார்வைக்கு அது ஒரு சாதாரணச் சிறு எஸ்யூவி. அதற்குள் 830 சிசி கொண்ட ஒற்றை ரோட்டர், 17.8 கிலோவாட் மணி பேட்டரிக்கு மின்சாரம் தரும் வேலையைச் செய்கிறது. எரிபொருளை நேரடியாக அறைக்குள் தெளிக்கும் முறை, 2 மில்லிமீட்டரிலிருந்து 2.5 மில்லிமீட்டராகத் தடித்த சீல், அலுமினியத்தில் வார்த்த பக்கச் சுவர்கள் ஆகியவை அதில் விற்பனைக்கே வந்துவிட்டன. மேலே சொன்ன ‘செலவு செய்து முடித்த பாகம்’ இதுதான். நம்பிக்கைக்கு ஆதாரம் வேண்டுமென்றால் கண்காட்சி மேடையைவிட இந்த எஸ்யூவியின் எஞ்சினைப் பாருங்கள். ஆனால் நிலையான வேகத்தில் மின்சாரம் தயாரிக்கும் எஞ்சினைப் புகை விதிக்குள் அடக்குவது வேறு. ஓட்டுநரின் காலுக்கேற்பக் கணத்துக்குக் கணம் ஏறி இறங்கும் எஞ்சினை அடக்குவது வேறு. சந்தேகப்படுபவர்கள் சொல்வதில் வலுவான வாதம் இதுவே.

அறிக்கையின் சொற்களும் விற்பனைக் கணக்கும்

2024 பிப்ரவரி 1 அன்று மாஸ்டா ரோட்டரி எஞ்சினுக்கென்று தனி மேம்பாட்டுக் குழுவை மீண்டும் அமைத்தது; 36 பொறியாளர்கள் அதில் சேர்ந்தார்கள். பல இடங்களில் இது ஆர்எக்ஸ்-7 வந்துவிட்டது என்ற பொருளில் பரவியது. அறிக்கையில் இருந்ததோ, முக்கியச் சந்தைகளின் விதிகளுக்கு எஞ்சினைப் பொருத்துவது, கார்பன் சமநிலை எரிபொருள்களைப் பயன்படுத்துவது போன்றவை குறித்த ஆய்வை விரைவுபடுத்துவதற்காக என்பதே. இத்தகைய அறிக்கையைப் படிக்கும்போது வினைச்சொல்லைப் பாருங்கள். ‘ஆராய்கிறோம்’, ‘விரும்புகிறோம்’, ‘உருவாக்குகிறோம்’, ‘விற்கப்போகிறோம்’ ஆகிய நான்கிற்கும் இடையே பல ஆண்டுகளும் பெருந்தொகையும் கிடக்கின்றன. கட்டும் ஆலை எது, எந்த நாட்டில் முதலில் விற்பனை, எந்த ஆண்டு என்ற மூன்றில் ஒன்றாவது அதிகாரபூர்வமாக வரும்வரை முன்பணத்தைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை.

ரசிகர்கள் பேச விரும்பாத கணக்கு ஒன்றும் உண்டு. மொத்தம் 8,11,634 ஆர்எக்ஸ்-7 கார்கள் கட்டப்பட்டன. அவற்றில் 4,71,018 முதல் தலைமுறையைச் சேர்ந்தவை, 2,72,027 எஃப்சி. எல்லோரும் கொண்டாடும் எஃப்டியோ வெறும் 68,589தான். மலிவான, எளிமையான முதல் கார் நன்றாக விற்றது. விலையும் நுணுக்கமும் ஏறிய மூன்றாவது கார் சுவரொட்டியில் இருந்த அளவுக்கு வீட்டு வாசலில் இல்லை. ஹைபிரிட் அமைப்போடு வரும் எந்த வாரிசும் எஃப்டியின் விலைப் பக்கமே சாயும் என்பது என் கணிப்பு. அந்த விலையில் வாங்குவீர்களா என்று உங்களையே நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் நிதிப் பிரிவும் இதைத்தான் கேட்கும்.

காத்திருக்க மனமில்லாதவருக்கு

பழைய எஃப்டியை வாங்கிப் புதுப்பிப்பது இன்னும் சாத்தியமே. எஃப்சி, எஃப்டி இரண்டுக்கும் சில பாகங்களை மாஸ்டாவே மறுஉற்பத்தி செய்கிறது. விலை மட்டும் இறங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அமெரிக்காவில் 25 ஆண்டு கடந்த கார்களுக்கே இறக்குமதிக் கதவு தாராளமாகத் திறப்பதால், கடைசியாகக் கட்டப்பட்ட எஃப்டிகள் 2027 ஆகஸ்டில்தான் அந்த வரம்பைத் தாண்டுகின்றன; அங்கிருந்தும் அவற்றுக்குத் தேவை கூடும்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது பெயின்ட்டுக்கு முன்பாகக் கம்ப்ரெஷனை, அதாவது எஞ்சின் அறைக்குள் காற்று எவ்வளவு அழுத்தமாக அடைபடுகிறது என்பதை, பாருங்கள். சாதாரணப் பிஸ்டன் எஞ்சினுக்கான அளவுக்கருவி மூன்று அறைகளில் மிக நன்றாக இருப்பதன் அளவை மட்டும் பிடித்து நிறுத்திவிடும். ஒரு முனைச் சீல் உடைந்திருந்தாலும் அதில் தெரியாது. ரோட்டரிக்கென்றே உள்ள கருவியால், எஞ்சின் சூடேறிய நிலையில், ஒவ்வொரு ரோட்டரின் மூன்று அறைகளையும் தனித்தனியாக அளக்கச் செய்து, அளந்தபோது இருந்த சுழல்வேகத்தையும் குறித்து வாங்குங்கள். ஒரே ரோட்டரின் மூன்று எண்களும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றோ இரண்டோ கீழே தொங்கினால் எஞ்சினைப் பிரித்துக் கட்டும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். ஆறு எண்களையும் எழுத்தில் தரத் தயங்கும் விற்பனையாளரிடம் பேரத்தைத் தொடர வேண்டியதில்லை.