கல்லூரி நூலகத்தில் திறந்த அணுக்கக் களஞ்சியம்: எல்லோரும் வாசிக்கும்படி அமைப்பது எப்படி?

ஆசிரியர்களின் கட்டுரைகளையும் மாணவர்களின் ஆய்வேடுகளையும் கட்டணமின்றி எவருக்கும் தர விரும்பும் கல்லூரி நூலகம், மென்பொருள் எது என்ற கேள்வியில் தொடங்க வேண்டியதில்லை. இணையக் களஞ்சியத்தை நடத்துவதற்கான மென்பொருள்களான டிஸ்பேஸ், ஈபிரிண்ட்ஸ் இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. சர்வரை நிறுவிப் பராமரிக்கத் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும். கவனம் தேவைப்படுவது கோப்பு நூலகரின் கைக்கு வரும் அந்த நேரத்தில்தான். படிக்க, பதிவிறக்க, நகலெடுக்க, அச்சிட, தேட எவருக்கும் உரிமை இருப்பதையே 2002ஆம் ஆண்டின் புடாபெஸ்ட் அறிக்கை திறந்த அணுக்கம் என்று வரையறுத்தது. தேட முடியாத, பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பான் (திரையில் உள்ள எழுத்தை உரக்கச் சொல்லும் மென்பொருள்) படிக்க முடியாத பிடிஎஃப்பை இணையத்தில் ஏற்றுவது அந்த வரையறையில் பாதியைக்கூட நிறைவேற்றாது.

முதலில் உரிமையைப் பார்ப்போம். ஒரு கட்டுரைக்கு மூன்று வடிவங்கள் உண்டு: இதழுக்கு அனுப்பும் முன்வரைவு, மதிப்பீட்டாளர் சொன்ன திருத்தங்களுக்குப் பின் இதழ் ஏற்றுக்கொண்ட கைப்பிரதி, பதிப்பகம் பக்கம் அமைத்து வெளியிட்ட இறுதி வடிவம். பேராசிரியர்கள் வழக்கமாக அனுப்பிவைப்பது மூன்றாவதை. சந்தா இதழ்கள் பெரும்பாலும் அனுமதிப்பதோ இரண்டாவதை. ஆகவே, கட்டுரை ஏற்கப்பட்டதாகக் கடிதம் வந்த வாரத்திலேயே அந்த வேர்டு கோப்பை நூலகத்துக்கு அனுப்பிவிடுமாறு துறைகளிடம் சொல்லிவைக்க வேண்டும். ஓராண்டு கழித்துக் கேட்டால் அது எந்தக் கணினியில் கிடக்கிறது என்று எழுதியவருக்கே தெரியாது. எந்த இதழ் எந்த வடிவத்தை எத்தனை மாதத் தடைக்காலத்துக்கு (பொதுவில் திறக்காமல் காத்திருக்க வேண்டிய காலம்) பின் திறக்க விடுகிறது என்பதை, ஷெர்பா ரோமியோ என்று நாம் அறிந்திருந்ததும் இப்போது ஓப்பன் பாலிசி ஃபைண்டர் என்ற பெயரில் இயங்குவதுமான தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். தடைக்காலம் 12 மாதம் என்றால், கோப்பை இன்றே ஏற்றித் திறக்கும் தேதியை டிஸ்பேஸில் குறித்துவிடலாம். அதுவரை தலைப்பும் சுருக்கமும் மட்டும் தெரியும்.

இவ்வழியில் ஆசிரியருக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை என்பதைத் துறைக் கூட்டங்களில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. திறந்த அணுக்கம் என்றாலே இதழுக்குப் பணம் கட்டுவது என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. அந்த எண்ணத்தை நம்பியே பிழைக்கும் போலி இதழ்கள் ஏராளம். மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2014இல் வெளியிட்ட கொள்கைகூட, தங்கள் நிதியில் நடந்த ஆய்வின் ஏற்கப்பட்ட கைப்பிரதியைக் களஞ்சியத்தில் இடுமாறுதான் கேட்கிறது. ஆய்வேடுகளுக்கு இந்தச் சிக்கல் குறைவு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிமுறைகளுக்குப் பின் முனைவர் பட்ட ஆய்வேடுகள், பல்கலைக்கழக நூலகங்களுக்கான மையமான காந்திநகர் இன்ஃப்ளிப்நெட்டின் ஷோத்கங்கா என்ற ஆய்வேட்டுத் தளத்துக்குச் சென்றாக வேண்டும். அங்கே அனுப்பும் அதே கோப்பு நம் களஞ்சியத்துக்கும் வரும் என்பதால், அதை ஒழுங்காகச் செய்துவிட்டால் இரண்டு இடத்துக்கும் உதவும்.

அடுத்தது கோப்பு. தமிழ் ஆய்வேடுகளில் பெருந்தடை எழுத்துருவில் இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஆய்வேட்டைத் திறந்து, ‘தமிழ்’ என்ற சொல்லை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள்: ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் வந்து விழும். தாளில் தமிழாகத் தெரிவது கோப்பினுள் ஆங்கில எழுத்துகளாகவே இருப்பதால் திரைவாசிப்பானும் அவற்றையே உச்சரிக்கும். தேடுபொறிக்கும் அந்த ஆய்வேடு தமிழில் இருப்பதே தெரியாது. கோப்பை வாங்கும்போதே, மாணவர் மேசையருகில் நிற்கும்போதே, இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும். எல்லாக் கணினிகளும் தமிழாகவே அறியும் பொதுக் குறியீடான ஒருங்குறியில் (யூனிகோட்) இல்லையென்றால் என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றி கொண்டு மாற்றச் சொல்லலாம். ஆனால் முழு ஆய்வேட்டையும் ஒரே மூச்சில் மாற்றினால் இடையில் உள்ள ஆங்கிலச் சொற்களும் பொருளற்ற தமிழ் எழுத்துகளாக மாறிவிடும். துணைநூற்பட்டியல்தான் அதிகம் பாழாகும். அந்தப் பகுதியைத் தனியே வைத்துக்கொண்டு மற்றவற்றை மாற்றுவதே பாதுகாப்பு.

ஒருங்குறியில் தட்டச்சு செய்திருந்தாலும் வேலை முடிந்துவிடாது. அத்தியாயத் தலைப்பை வெறுமனே தடித்த எழுத்தாக்காமல், வேர்டில் தலைப்புக்கென உள்ள பாணியைக் கொடுத்திருந்தால்தான் பார்வையற்ற வாசகர் இயலுக்கு இயல் தாவ முடியும். இல்லையேல் முந்நூறு பக்கத்தையும் அவர் முதலிலிருந்து கேட்டாக வேண்டும். படங்களுக்கும் வரைபடங்களுக்கும் மாற்றுரை (படத்தைச் சொல்லால் விவரிக்கும் குறிப்பு) எழுதுவது ஆய்வாளரின் பொறுப்பு, ஏனெனில் அந்த வரைபடம் எதைக் காட்டுகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். அட்டவணையைப் படமாக ஒட்டக் கூடாது. பிடிஎஃப் ஆக்கும்போது அச்சிடும் கட்டளை வழியே செய்தால் இந்த அமைப்பெல்லாம் உதிர்ந்துவிடும். சேமிக்கும் கட்டளை வழியே, அணுகல்தன்மைக்கான குறிச்சொற்களைச் சேர்க்கும் தெரிவை நீக்காமல் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். அப்படிச் செய்தும் தமிழ் பிடிஎஃப்களில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறி வாசிக்கப்படுவது உண்டு. எனவே பிடிஎஃப்போடு ஈபப் என்ற மின்னூல் வடிவத்தையோ மூல வேர்டு கோப்பையோ சேர்த்து ஏற்றிவிடுவது என் பரிந்துரை. கடைசியாக, இலவசத் திரைவாசிப்பானான என்விடிஏவை நூலகக் கணினி ஒன்றில் நிறுவி, திரையை அணைத்துவிட்டு ஒரு பக்கத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும். முடிந்தால் அதை அன்றாடம் பயன்படுத்தும் மாணவரையே கேட்கச் சொல்ல வேண்டும்.

பழைய ஆய்வேடுகளை வருடிப் படமாக்கி வைத்திருக்கும் நூலகங்கள் அவற்றை டெசராக்ட் போன்ற எழுத்துணரி (படத்தில் உள்ள எழுத்தைத் தேடக்கூடிய உரையாக்கும் மென்பொருள்) வழியே செலுத்தலாம். தெளிவான அச்சுக்குப் பலன் நன்றாகவே கிடைக்கும். தட்டச்சுப்பொறிப் பிரதிகளுக்குக் கையால் திருத்தம் தேவைப்படும். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் திருத்த முயல்வதைவிட, வாசகர் கேட்பதை முதலில் எடுத்துக்கொள்வதே நடக்கக்கூடியது. பதிப்புரிமை பற்றிய தயக்கமும் இங்கே வேண்டியதில்லை. 2012இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகள் வாசிப்பதற்கேற்ற வடிவத்தில் நூல்களை இலாப நோக்கமின்றி நகலாக்க இடமளிக்கிறது; அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்களும் நூலகங்களும் அதில் அடங்கும். அந்த நகல் மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டுமே போய்ச் சேருமாறு நூலகம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதால், அதைப் பொதுக் களஞ்சியத்தில் இடாமல் தனியே வைக்க வேண்டும். இதே நோக்கில் 2013இல் உருவான மராகேஷ் உடன்படிக்கையை உலகில் முதலில் ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாதான்.

ஏற்றும்போது தலைப்பைத் தமிழ் எழுத்திலேயே தந்து, ஆங்கிலத் தலைப்பைத் தனிப் புலத்தில் சேர்க்கவும். ஆய்வாளரைத் தனித்து அடையாளம் காட்டும் ஆர்க்கிட் எண்ணையும், கோப்பைப் பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமத்தையும் விட்டுவிட வேண்டாம். உரிமம் குறிக்கப்படாத கோப்பை மறுபடி பயன்படுத்த எவரும் அஞ்சுவர். வளாகத்துக்குள் மட்டும் திறக்கும்படியோ கடவுச்சொல் கேட்கும்படியோ அமைத்தால் ஆய்வுக் கட்டுரைகளுக்கான தேடுபொறியான கூகுள் ஸ்காலர் உள்ளே வராது.

துறை இதழ் நடத்தும் கல்லூரிகளில் நூலகம் இன்னும் ஒரு படி செல்லலாம். ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ் என்ற இதழ் நடத்தும் மென்பொருளில், எழுதுபவரிடமும் படிப்பவரிடமும் பணம் வாங்காமல் இதழை நடத்த முடியும். இதழை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.எஸ்.என். எண் இந்தியாவில் இலவசமாகவே கிடைக்கிறது. ஒவ்வொரு கட்டுரைக்கும் நிலையான இணைய அடையாளமாகும் டிஓஐ எண்ணுக்கு, அதை வழங்கும் கிராஸ்ரெஃப் அமைப்பில் ஆண்டுக் கட்டணம் உண்டு என்பதால் அதை முன்கூட்டியே நிதிநிலையில் சேர்க்க வேண்டும்.

எல்லாம் செய்த பிறகும் வாசிக்க முடியாத கோப்புகள் இருக்கவே செய்யும். ஆகவே களஞ்சியத்தின் ஒவ்வொரு பக்கத்திலும், வேறு வடிவம் தேவைப்படுவோர் எழுத வேண்டிய மின்னஞ்சல் முகவரியைத் தந்து, அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பை நூலகப் பணியாளர் ஒருவரிடம் பெயர் குறித்து ஒப்படைக்கவும்.