கத்திரி வெயிலில் வாசலில் ஒரு தண்ணீர்ச் சட்டி

மே மாதத் தொடக்கத்தில் கத்திரி வெயில் பிறந்ததும் தெருநாய்க்கும் காகத்துக்கும் அணிலுக்கும் சோற்றைவிடத் தண்ணீரே அரிதாகிவிடுகிறது. இதற்காக விலையுயர்ந்த பாத்திரம் எதுவும் வாங்க வேண்டியதில்லை. வாய் அகன்ற மண்சட்டி ஒன்று போதும். மண்ணின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் உள்ளிருக்கும் தண்ணீர் குளிர்ந்திருக்கும். எவர்சில்வர் கிண்ணமோ வெயிலில் சுடும். எடை குறைந்த பிளாஸ்டிக் கிண்ணத்தை நாய் ஒரே தட்டில் கவிழ்த்துவிடும்.

பறவைகளுக்கான சட்டியில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் நீர் ஊற்ற வேண்டாம். நடுவில் ஒரு கல்லை, அதன் தலை நீருக்கு வெளியே தெரியுமாறு வைத்தால், தேனீயும் சிட்டுக்குருவியும் அதன்மேல் அமர்ந்து குடிக்கும். தவறி விழுந்த அணில் குஞ்சும் ஏறிப் பிழைக்கும். மொட்டை மாடியில் நிழல் விழும் பக்கமாக, ஆனால் பூனை மறைந்திருந்து பாய இயலாத இடமாகப் பார்த்துச் சட்டியை வையுங்கள். நாய்களுக்கான சட்டியைத் தெருவோர மரத்தடியில் வைக்கலாம். தினமும் காலையில் பழைய நீரைச் செடிக்கு ஊற்றி, தேங்காய் நாரால் சட்டியைத் தேய்த்துக் கழுவிய பிறகே புது நீர் நிரப்ப வேண்டும். ஒரு வாரம் அப்படியே விட்டால் கொசுப்புழு நெளியும். அப்போது அண்டை வீட்டார் சண்டைக்கு வந்தால் நியாயம் அவர்கள் பக்கமே இருக்கும்.

மிஞ்சிய உணவை ஒருபோதும் பிளாஸ்டிக் பையில் கட்டி வீசாதீர்கள். சோற்று வாசனைக்கு வரும் பசு பையையும் சேர்த்து விழுங்குகிறது. அது செரிக்காமல் இரைப்பையில் சேர்ந்து, அறுவை சிகிச்சை செய்தே எடுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுபோய்விடுகிறது. நாய்க்கு வெங்காயம், திராட்சை, சாக்லேட், வெந்த கோழி எலும்பு ஆகியவை ஆகாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிற்றுப்போக்கு உண்டாகும். பூனை என்றாலே பால்கிண்ணம் என்று நம்பி வளர்ந்த என் போன்றோருக்கு இது சற்று ஏமாற்றமே. உணவை ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் வைத்து, மீதியை அள்ளிச் சுத்தம் செய்துவிடுங்கள். குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் மாடிப்படிக்கும் கட்டட வாசலுக்கும் தள்ளியே உணவிடும் இடம் அமைய வேண்டும் என்று விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், 2023 கூறுகின்றன.

வெயிலுக்கு ஒதுங்கும் பூனைகள் காருக்கு அடியிலும், சில நேரம் என்ஜின் இடுக்கிலும் படுத்திருக்கும் என்பதால், வண்டியைக் கிளப்புமுன் பானெட்டை இரண்டு முறை தட்டிவிட்டுக் கீழே குனிந்து பார்ப்பது நல்லது.

அடிபட்ட மாட்டையோ ஆட்டையோ கண்டால், தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணை அழைத்து, அருகிலுள்ள கோயில் அல்லது கடையின் பெயரை அடையாளமாகச் சொல்லுங்கள். வலியில் இருக்கும் நாயை வெறுங்கையால் தூக்க வேண்டாம். பழகிய நாயும் அந்நேரம் கடிக்கக்கூடும். கடித்துவிட்டால் காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.