ரோட்டரி எஞ்சினா? பெட்ரோல் போடும் முன் கொஞ்சம் 2டி ஆயில்

மாஸ்டா ஆர்எக்ஸ்-7, ஆர்எக்ஸ்-8 போன்ற பழைய ரோட்டரி கார் வைத்திருப்பவர்கள், பெட்ரோல் நிரப்பும் முன் டேங்கில் லிட்டருக்கு சுமார் 4 மில்லி கணக்கில் நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயில் (2டி ஆயில்) ஊற்றிக்கொள்ளுங்கள். 50 லிட்டருக்கு 200 மில்லி. ஆயிலை முதலில் ஊற்றினால் மேலே விழும் பெட்ரோலே அதைக் கலக்கிவிடும்.

ரோட்டரி எஞ்சினில் பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண வடிவ ரோட்டர் சுற்றுகிறது. அதன் மூன்று முனைகளிலும் உள்ள சீல்கள் உள்சுவரை உரசியபடியே சுற்றுகின்றன. அவை தேயாமல் இருக்கத்தான் ஆயில் மீட்டரிங் பம்ப் எஞ்சின் ஆயிலையே சிறிது சிறிதாக உள்ளே விடுகிறது. ஆனால் எஞ்சின் ஆயில் எரிவதற்காகச் செய்யப்பட்டதல்ல, எரிந்தால் சாம்பலும் கரியும் படியும். அதோடு அது ஓரிரு இடத்தில்தான் விழுகிறது. டூ ஸ்ட்ரோக் ஆயில் எரிவதற்கென்றே தயாரானது, பெட்ரோலோடு சேர்ந்து எல்லாப் பக்கமும் போய்ச் சேரும். ஜாசோ எஃப்டி (டூ ஸ்ட்ரோக் ஆயிலுக்கான ஜப்பானியத் தரக்குறியீடு) என்றால் புகையும் படிவும் குறைவு. ஆமணக்கெண்ணெய் கலந்த ரேஸ் ஆயில் வேண்டாம், பிசுபிசுவென ஒட்டிக்கொள்ளும்.

பம்பைக் கழற்றிவிட்ட வண்டிக்கு இந்த 4 மில்லி போதாது, ஏறக்குறைய இருமடங்கு வேண்டும். வாரண்டியில் இருக்கும் புது வண்டிக்கு, உதாரணமாக 2023இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-30 ஆர்-இவிக்கு, இதைச் செய்ய வேண்டாம். பம்ப் வேலை செய்யும் வண்டி எஞ்சின் ஆயிலையும் குடித்துக்கொண்டேதான் இருக்கும் (அது கோளாறு அல்ல, அமைப்பே அப்படி). அதனால் டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவைப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.