வண்டியில் ஃப்ரிட்ஜ், கையில் இன்சுலேஷன் டேப்: வழியில் செய்யக் கூடாத ஒயரிங் தவறுகள்

டிக்கியில் இருக்கும் ஃப்ரிட்ஜ் பாதி வழியில் நின்றுவிட்டால் கை முதலில் போவது ஃப்ரிட்ஜ் மேல்தான். தட்டிப் பார்ப்பார்கள், அணைத்துப் போடுவார்கள், வாரண்டி சீட்டைத் தேடுவார்கள். பெரும்பாலும் அந்தப் பெட்டிக்குள் ஒரு கோளாறும் இருக்காது. பேட்டரியிலிருந்து அதுவரை வரும் ஒயரிலும் நடுவில் உள்ள இணைப்புகளிலும்தான் விஷயம் இருக்கும். ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும் வண்டிக்கும் இதே கதைதான். எதையாவது கழற்றத் தொடங்கும் முன் பேட்டரி டெர்மினலைக் கையால் திருகிப் பாருங்கள். அசைந்தால், தேடியது கிடைத்துவிட்டது.

12 வோல்ட் தொட்டால் அடிக்காது. அதனாலேயே பலர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். ஷாக் இல்லை, சரி, சூடு உண்டு. 60 வாட் எடுக்கும் கருவி 230 வோல்ட் லைனில் கால் ஆம்பியர் அளவுதான் இழுக்கும். அதுவே 12 வோல்ட்டில் 5 ஆம்பியர். பேட்டரி நேராக ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். வண்டியின் பாடி நெகட்டிவோடு இணைந்திருக்கிறது. பாசிட்டிவ் டெர்மினலைத் திருகும் ஸ்பேனர் அதில் பட்டால் போதும், அங்கேயே பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். மோதிரத்தையும் கழற்றி வையுங்கள்.

ஃப்ரிட்ஜ் ஏன் நிற்கிறது

ஒரு சின்னக் கணக்கு. கம்ப்ரஸர் உள்ள நடுத்தர ஃப்ரிட்ஜ் ஓடும்போது 4 முதல் 5 ஆம்பியர் எடுக்கும். பேட்டரியிலிருந்து டிக்கிக்கு 5 மீட்டர் என்று வையுங்கள். போய்த் திரும்ப 10 மீட்டர். அது 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயராக இருந்தால், 5 ஆம்பியர் ஓடும்போது ஒயரிலேயே சுமார் 0.6 வோல்ட் போய்விடும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டும் ஃபியூஸ் பிடிகளும் தங்கள் பங்குக்கு இன்னொரு 0.2 எடுத்துக்கொண்டால், பேட்டரியில் 12.2 இருக்கும்போது ஃப்ரிட்ஜுக்குக் கிடைப்பது 11.4 மட்டுமே. வோல்டேஜ் குறைந்தால் ஃப்ரிட்ஜைத் தானே அணைத்துப் பேட்டரியைக் காப்பாற்றும் கட்-ஆஃப் இப்படிப்பட்ட ஃப்ரிட்ஜ்களில் வழக்கமாக மூன்று நிலைகளில் இருக்கும். மேல்நிலையில் வைத்திருந்தால் இந்த 11.4-ஐப் பார்த்ததும் அது அணைத்துவிடும். அணைத்ததும் ஒயரில் கரண்ட் இல்லை, வோல்டேஜ் மறுபடி ஏறும், மறுபடி ஓடப் பார்க்கும், மறுபடி நிற்கும். இதைப் பார்த்துத்தான் ஃப்ரிட்ஜ் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள்.

அப்புறம் வருகிறது அடுத்த தவறு. கட்-ஆஃபைக் கீழ்நிலைக்கு இறக்கிவிடுவது. ஃப்ரிட்ஜ் ஓடத் தொடங்கும், எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் பல மாடல்களில் கீழ்நிலை என்பது ஏறத்தாழ 10 வோல்ட். லெட் ஆசிட் பேட்டரி ஓய்வில் 12.6 காட்டினால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதி, 11.8-க்கு வந்தால் கிட்டத்தட்டக் காலி. தடித்த ஒயரில் நேராக இணைத்த ஃப்ரிட்ஜைக் கீழ்நிலையில் விட்டால், அது அணையும்போது வண்டியை ஸ்டார்ட் செய்ய ஒன்றும் மிஞ்சியிருக்காது. நிலையை மாற்ற வேண்டாம், ஒயரை மாற்றுங்கள். அதே தூரத்துக்கு 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.15 வோல்ட்தான்.

எங்கே இழக்கிறது என்று மல்டிமீட்டர் இருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அதுதான் முக்கியம். கரண்ட் ஓடாத ஒயர் எவ்வளவு மோசமானதாக இருந்தாலும் முழு வோல்டேஜைக் காட்டும். ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை ஃப்ரிட்ஜுக்குப் போகும் பாசிட்டிவிலும் வைத்தால், காட்டுவது அந்தப் பக்கத்து இழப்பு. நெகட்டிவ் பக்கத்துக்கும் இதேபோல். பலரும் பாசிட்டிவை மட்டும் பார்த்துவிட்டு விடுவார்கள். நெகட்டிவ் ஒயரைப் பாடியோடு சேர்க்கும் எர்த் ஸ்க்ரூவைப் பெயிண்டின் மேல் திருகியிருந்தால், அதுவே அரை வோல்ட்டைத் தின்றுகொண்டிருக்கும். மீட்டரை ஆம்பியரில் வைத்துக்கொண்டு பேட்டரியின் இரண்டு முனைகளையும் தொடாதீர்கள். அது மீட்டர் வழியாகவே போடும் ஷார்ட்.

சிகரெட் லைட்டர் சாக்கெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். போன் சார்ஜருக்கு அது போதும். நாள் முழுக்க 5 ஆம்பியர் எடுக்கும் கருவிக்கு அது மோசமான இணைப்பு. நடுவில் ஸ்பிரிங்கில் நிற்கும் ஒரு முனை, பக்கத்தில் இரண்டு மெல்லிய தகடு, அவ்வளவுதான் பிடிப்பு. குலுங்கக் குலுங்கத் தளரும். தளர்ந்த இடத்தில் 0.1 ஓம் தடை இருந்தால் 5 ஆம்பியரில் 2.5 வாட் சூடு, டயருக்குக் காற்றடிக்கும் பம்ப் 15 ஆம்பியர் இழுத்தால் 22 வாட்டுக்கு மேல். அது ஒரு சின்னச் சால்டரிங் அயர்னின் சூடு, பிளாஸ்டிக்குக்குள் அடைந்து கிடக்கிறது. பிளக்கை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் சாக்கெட்டை விட்டுவிட்டு, ஃபியூஸுடன் பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுங்கள்.

ஒயர் சரியானாலும் பேட்டரி எவ்வளவு தாங்கும் என்ற கேள்வி இருக்கிறது. வெயில் காலத்தில் கம்ப்ரஸர் பாதி நேரம் ஓடும் என்று வைத்தால் சராசரி 2 ஆம்பியருக்கு மேல். ஒரு நாளைக்கு 50 ஆம்பியர் மணி. சிறு காரின் பேட்டரியே மொத்தம் அவ்வளவுதான் இருக்கும். தவிர, ஸ்டார்டர் பேட்டரி நொடிக்கணக்கில் பெரிய கரண்ட் கொடுக்கச் செய்யப்பட்டது. அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் தகடுகள் சல்ஃபேட் படிந்து வீணாகும். ஃப்ரிட்ஜுக்கென்று இரண்டாவது பேட்டரி வைப்பது நல்லதுதான், ஆனால் இரண்டையும் நேராக ஒயரால் சேர்த்துவிட்டால் ஃப்ரிட்ஜ் இரண்டையும் சேர்த்தே காலி செய்யும். இன்ஜின் ஓடும்போது மட்டும் இணைக்கும் ரிலே வேண்டும். புதிய வண்டிகளில், இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் எரிபொருள் மிச்சம் பிடிக்கத் தன் வோல்டேஜைத் தானே குறைத்துக்கொள்ளும். அங்கே ரிலே போதாது, வரும் வோல்டேஜை இரண்டாவது பேட்டரிக்கு வேண்டிய அளவுக்கு மாற்றித் தரும் டிசி-டிசி சார்ஜர்தான் வழி. லித்தியம் பேட்டரிக்கும் அதுவே. லித்தியத்தை நேராக இணைத்தால் இன்ஜின் ஐடிலில் இருக்கும்போது ஆல்டர்னேட்டரை வறுத்தெடுக்கும்.

12 வோல்ட்டில் ஓடக்கூடிய ஃப்ரிட்ஜை இன்வெர்ட்டர் வழியாக 230-க்கு ஏற்றி, அடாப்டர் வழியாக மறுபடி இறக்கி ஓட்டுபவர்களும் உண்டு. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு பங்கு சூடாகப் போகிறது. கம்ப்ரஸர் இல்லாத பெல்டியர் வகைக் கூலர் என்றால் கணக்கே வேறு. அது நிற்காமல் 4, 5 ஆம்பியர் எடுக்கும். குளிர்விப்பதோ வெளிச்சூட்டிலிருந்து 20 டிகிரி அளவுக்குத்தான். மூடிய காருக்குள் 50 டிகிரி என்றால் உள்ளே 30. அதில் பால் வைக்காதீர்கள்.

ஃபியூஸ்

ஃபியூஸ் கருவியைக் காப்பாற்ற வைத்தது என்று நினைப்பதிலிருந்துதான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன. அது காப்பாற்றுவது ஒயரை. 10 ஆம்பியர் சிவப்பு ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறதென்று 30 ஆம்பியர் பச்சையைச் செருகினால், ஒயரில் மூன்று மடங்கு கரண்ட் ஓடலாம். சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறுவதால் ஒன்பது மடங்கு. இப்போது முதலில் உருகப்போவது டேஷ்போர்டுக்குப் பின்னால் போகும் ஒயர்க் கட்டு. சிகரெட் பெட்டித் தாள், ஆணி, நாணயம் பற்றியெல்லாம் தனியாகச் சொல்லத் தேவையில்லை. கையில் மாற்று ஃபியூஸ் இல்லையென்றால் ரேடியோ போன்ற அவசியமில்லாத இடத்திலிருந்து அதே அளவுள்ளதைக் கழற்றிப் போடுங்கள். அதுவும் உடனே போனால் நிறுத்திவிடுங்கள், எங்கோ ஷார்ட் இருக்கிறது.

புதிதாக ஒயர் இழுக்கும்போது ஃபியூஸைப் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வையுங்கள். டிக்கியில் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் வைத்தால் நடுவில் உள்ள 5 மீட்டருக்கும் காவல் கிடையாது. ஒயர் இரும்புத் தகட்டின் ஓட்டை வழியாகப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால், சில ஆயிரம் கிலோமீட்டர் அதிர்வில் தகடு இன்சுலேஷனை அறுத்துவிடும்.

முறுக்கி டேப் ஒட்டுவது

அறுந்த ஒயரை முறுக்கி டேப் சுற்றுவது அடுத்த ஊர் போய்ச் சேர உதவும். இன்ஜின் பக்கம் என்றால் அதுவும் சந்தேகம். பானெட்டுக்குள் இருக்கும் சூட்டில் டேப்பின் பசை இளகி வழுக்கிவிடும். இரண்டு முனைகளையும் உள்ளே விட்டு நசுக்கிப் பிடிக்கும் (கிரிம்ப்) பட் கனெக்டரும், சூடாக்கினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவும் எடையே இல்லாதவை, ஒரு பையில் போட்டு வையுங்கள். அவை இல்லாவிட்டால் திருகி இறுக்கும் கனெக்டர் பரவாயில்லை. ஈயப்பற்றுதான் உறுதி என்று நம்புபவர்கள் நிறைய. மேஜை மேல் இருக்கும் சர்க்யூட்டுக்கு அது உண்மை. வண்டியில் ஈயம் ஊறிய பகுதி கம்பிபோல் விறைத்து, அது முடியும் இடத்தில் அதிர்வால் ஒடியும். ஈயம் வைத்தே ஆக வேண்டுமென்றால் இருபுறமும் ஒயர் ஆடாதபடி கட்டுங்கள்.

மஞ்சள் உறையிட்ட ஒயர், மஞ்சள் கனெக்டர் கண்ணில் பட்டால் கையை எடுத்துவிடுங்கள். வழக்கமாக அது ஏர்பேக். அங்கே டெஸ்ட் லேம்ப் வைத்தால் ஏர்பேக் வெடிக்கலாம்.

பழைய வண்டிகளின் காலத்திலிருந்து வந்த பழக்கம் ஒன்று இன்னும் போகவில்லை: ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றுவது. பேட்டரி விலகிய கணத்தில் வோல்டேஜ் எகிறி, பல கம்ப்யூட்டர் யூனிட்கள் ஒரே நேரத்தில் போகலாம். மீட்டரைப் பேட்டரியில் வைத்தால் பதில் கிடைத்துவிடும். ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருந்தால் சார்ஜ் ஆகிறது. முன்பு சொன்ன புதிய வகை ஆல்டர்னேட்டர் என்றால் சற்றுக் குறைவாகவும் காட்டும், ஹெட்லைட் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள். ஜம்ப் ஸ்டார்ட் செய்யும்போது கடைசிக் கருப்புக் கிளிப்பை நின்றுபோன வண்டியின் பேட்டரியில் மாட்டாமல், தள்ளி இன்ஜினின் வெறும் உலோகத்தில் மாட்டுங்கள். கடைசி இணைப்பில் பொறி பறக்கும், பேட்டரிக்கு மேல் ஹைட்ரஜன் இருக்கலாம்.

வழியில் போட்ட ஒவ்வொரு ஒட்டுக்கும் பளிச்சென்ற நிறத்தில் ஒரு டேப் துண்டு சுற்றி, போனில் படம் எடுத்து வையுங்கள். வொர்க்‌ஷாப்பில் வண்டியை விடும்போது அந்தப் படங்களைக் காட்டினால், அவர்கள் முழு ஒயர்க் கட்டையும் பிரித்துத் தேட வேண்டியிருக்காது.