புட்டி போடும்போது பலரும் செய்கிற தவறுகள்

செவ்வாப்பேட்டை மண்டியோ, ஜவ்வரிசி மில் ஆபீஸோ, ஏற்காட்டு எஸ்டேட்டோ, எங்கே போனாலும் இப்போது அவர்களுடைய கணக்கு எங்கோ சென்னையிலோ மும்பையிலோ ஒரு சர்வரில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்குள் போய்ப் பார்க்க ஒரு கருப்புத் திரை வேண்டியிருக்கிறது. காலேஜ் பிள்ளைகளுக்கு லினக்ஸ் லேப், ப்ராஜெக்ட் என்று இன்னும் சீக்கிரமே வந்துவிடுகிறது. அந்தத் திரையைத் தருகிற புரோகிராமுக்கு டெர்மினல் எமுலேட்டர் என்று பெயர், விண்டோஸில் பலரும் போடுவது புட்டி (PuTTY). அதை இன்ஸ்டால் செய்ய இரண்டு நிமிடம்கூட ஆகாது, அதனாலேயே எல்லோரும் கேம் போடுகிற வேகத்தில் போட்டுவிடுகிறார்கள். நீங்கள் இதில் அடிக்கப்போகும் பாஸ்வேர்டு பத்துப் பேர் சம்பளம் வாங்குகிற ஒரு கம்பெனியின் மொத்தக் கணக்கையும் திறக்கும். அதனால்தான் இந்த ஒரு வேலையில் மட்டும் நிதானமாக இருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலில், உங்களுக்கு இன்ஸ்டாலே தேவையா என்று பாருங்கள். 2018-க்குப் பிறகு வந்த விண்டோஸ் 10 பதிப்புகளிலும் விண்டோஸ் 11-லும் எஸ்எஸ்ஹெச் (வேறு கம்ப்யூட்டருக்குள் பூட்டிய இணைப்பில் போகிற முறை) கிளையன்ட் கூடவே வருகிறது. கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து எஸ்எஸ்ஹெச், ஒரு இடைவெளி, யூசர் பெயர், அட் குறி, சர்வர் முகவரி என்று அடித்தால் போதும். மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அப்புறம், எல்லா டெர்மினலும் ஒன்று என்று நினைப்பதும் ஒரு தவறு. புட்டி மாதிரியானவை 1978-ல் டிஇசி (டிஜிட்டல் எக்விப்மென்ட்) கம்பெனி கொண்டுவந்த விடி100 என்ற டெர்மினலின் வழியில் வந்தவை, யூனிக்ஸ், லினக்ஸுக்குச் சரியாக இருக்கும். வேலை செய்யும் இடத்தில் ஐபிஎம்மின் பெரிய கம்ப்யூட்டரான மெயின்ஃப்ரேம் என்றால் 3270 எமுலேட்டர் வேண்டும், அவர்களுடைய இன்னொரு வகையான ஏஎஸ்400 என்றால் 5250 வேண்டும். புட்டியை வைத்து அங்கே மல்லுக்கட்டினால் நேரம்தான் போகும்.

சரி, புட்டிதான் வேண்டும் என்றால், எங்கே எடுப்பது? கூகுளில் தேடி மேலே வருகிற முதல் லிங்கை அமுக்குவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு, மேலே வருவது விளம்பரமாகவும் இருக்கலாம். புட்டியை எழுதியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த சைமன் டாதம், 1999 முதல் இலவசமாகக் கொடுத்துவருகிறார். அவருடைய பக்கம் கிரீன்எண்ட்.ஆர்க்.யுகே என்று முடியும் முகவரியில் இருக்கிறது. படமில்லை, பளபளப்பில்லை, வெறும் எழுத்து. இது ஏதோ போலி என்று நினைத்துப் பலர் அதைத் தாண்டிப் போய் அழகான பக்கத்தில் விழுகிறார்கள். புட்டி.ஆர்க் என்ற முகவரிகூட அவர் நடத்துவது கிடையாது. பணம் கேட்டாலோ, மெயில் ஐடி கொடுத்துப் பதிவு செய்யச் சொன்னாலோ அங்கிருந்து வெளியே வந்துவிடுங்கள். வைரஸ் ஏற்றிய புட்டியைப் பரப்பியது பல தடவை வெளியே வந்திருக்கிறது. 2022-ல் வேலை தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் பேசி அப்படி ஒரு புட்டியைக் கொடுத்த கும்பலைப் பற்றி மாண்டியன்ட் என்ற கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிறுவனம் விளக்கமாக எழுதியது. வேலை தேடுகிற பிள்ளைகள் இதைக் கவனமாக மனதில் வைக்க வேண்டும்.

டவுன்லோடு ஆன ஃபைலை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போங்கள், டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் என்ற டேபில் சைமன் டாதம் பெயர் இருக்க வேண்டும். அந்த டேபே இல்லையென்றால் ஃபைலை அழித்துவிடுங்கள். யாரோ ஒரு சீனியர் பென் டிரைவில் வைத்திருக்கிற பழைய காப்பியும் வேண்டாம், காரணம் சொல்கிறேன். புட்டி 0.68 முதல் 0.80 வரையிலான பதிப்புகளில் பாஸ்வேர்டுக்குப் பதில் கீ (சாவி ஃபைல்) வைத்து உள்ளே போகிறவர்களில், பி-521 வகை கீயைப் பயன்படுத்தியவர்களுக்கு ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அந்தக் கீ போட்ட டிஜிட்டல் கையெழுத்துகள் சுமார் 60 கிடைத்தால் ரகசியமாக இருக்க வேண்டிய பிரைவேட் கீயையே கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். 2024 ஏப்ரலில் வந்த 0.81-ல் சரிசெய்தார்கள். புதுப் பதிப்பு போட்டதோடு வேலை முடியவில்லை. பழைய கீ ஏற்கெனவே அம்பலமாகியிருக்கலாம், அதை சர்வரில் இருந்தும் நீக்கிவிட்டுப் புதுசு உருவாக்க வேண்டும்.

அடுத்து இணைப்பு. எஸ்எஸ்ஹெச்சில் எரர் வந்தால் உடனே டெல்நெட் என்ற பழைய இணைப்பு முறையைத் தேர்ந்தெடுத்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். டெல்நெட்டில் நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்டு அப்படியே திறந்த எழுத்தாக லைனில் போகிறது. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் யாரோ நெட்வொர்க்கில் உட்கார்ந்து பாஸ்வேர்டுகளை உறிஞ்சிய பிறகுதான் 1995-ல் தாட்டு யுலோனன் எஸ்எஸ்ஹெச்சையே எழுதினார். எரர் வந்தால் அது என்ன சொல்கிறது என்று படியுங்கள். கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட் என்றால் பெரும்பாலும் அந்த மெஷின் வரை போய்விட்டீர்கள், அந்த போர்ட்டில் (சர்வரின் வாசல் எண்) எந்தப் புரோகிராமும் காத்திருக்கவில்லை என்று அர்த்தம், போர்ட் 22-க்குப் பதில் வேறு எண் வைத்திருப்பார்கள், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டைம்ட் அவுட் என்றால் நடுவில் ஃபயர்வால் தடுக்கிறது, அல்லது முகவரியே தப்பு. இந்த இரண்டையும் பிரித்துச் சொன்னாலே சர்வர் பார்க்கிறவருக்குப் பாதி வேலை மிச்சம்.

இப்போது நான் இருப்பதிலேயே முக்கியமாக நினைக்கிற இடம். முதல் தடவை இணையும்போது ஒரு பெட்டி வரும், இந்த சர்வரின் ஹோஸ்ட் கீ (சர்வரின் அடையாளச் சாவி) எனக்குத் தெரியாது, நம்பலாமா என்று கேட்கும், கீழே எஸ்ஹெச்ஏ256 என்று தொடங்கி 43 எழுத்தில் அந்தக் கீயின் சுருக்கமான ஃபிங்கர்பிரின்ட் இருக்கும். நான் பார்த்தவரை யாருமே படிப்பதில்லை, அக்செப்ட் அமுக்கிப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். எஸ்எஸ்ஹெச் உங்கள் பாஸ்வேர்டை எவ்வளவு பூட்டிக் கொண்டுபோனாலும், போய்ச் சேருகிற இடம் சரியான சர்வர்தானா என்று உறுதி செய்ய இந்த ஒரு பெட்டியைத்தான் நம்பியிருக்கிறது. நடுவில் ஒருவன் உட்கார்ந்து நான்தான் சர்வர் என்று சொன்னால், நீங்கள் அக்செப்ட் அமுக்கியதும் பாஸ்வேர்டு அவன் கைக்குத்தான் போகும். செய்ய வேண்டியது சின்ன வேலை. சர்வரை அமைத்தவருக்குப் போன் போடுங்கள், "அண்ணே, ஹோஸ்ட் கீ ஃபிங்கர்பிரின்ட் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க" என்று கேளுங்கள். எஸ்எஸ்ஹெச்-கீஜென் கட்டளையில் அவருக்கு உடனே கிடைக்கும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து உட்பட ஒத்துப்போனால் அக்செப்ட். பிறகு அந்தக் கம்ப்யூட்டரில் அந்தக் கேள்வி வராது.

திடீரென்று ஒருநாள் கீ மாறிவிட்டது, ஆபத்தாக இருக்கலாம் என்று எச்சரிக்கை வந்தால் நிறுத்துங்கள். சர்வரைப் புதிதாக நிறுவியிருந்தால் அப்படி வருவது இயல்புதான், ஆனால் அதை சர்வர் பார்க்கிறவர் வாயால் கேட்ட பிறகு தொடருங்கள்.

பிரைவேட் கீ விஷயத்தில் சுருக்கமாக. கீ என்பது ஜோடி, சர்வரில் வைக்கிற பப்ளிக் கீ ஒன்று, உங்களிடம் இருக்கிற பிரைவேட் கீ ஒன்று. கேட்டவுடன் வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கு என்று இருப்பது பப்ளிக் கீ மட்டும். பிரைவேட் கீ உங்கள் கம்ப்யூட்டரை விட்டு எங்கேயும் போகக் கூடாது, அதைத் திறக்கப் பாஸ்ஃப்ரேஸ் (நீளமான பாஸ்வேர்டு) ஒன்று கட்டாயம் வையுங்கள். கிளவுட் கம்பெனி கொடுத்த பெம் ஃபைலைப் (பிரைவேட் கீ இருக்கிற ஃபைல்) புட்டி நேரடியாக எடுத்துக்கொள்ளவில்லை என்றால் புட்டியோடு வருகிற புட்டிஜென்னில் திறந்து புட்டியின் சொந்த வடிவமான பிபிகே ஆக மாற்றிக்கொள்ளலாம். இதற்காக ஆன்லைனில் மாற்றித் தருகிற தளம் தேடி கீயை அங்கே ஏற்றுவது, வீட்டுச் சாவியை நடுரோட்டில் வைப்பது மாதிரி.

உள்ளே போன பிறகு கீபோர்டும் மவுஸும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். புட்டியில் எழுத்தை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்தாலே காப்பி ஆகிவிடும், ரைட் கிளிக் செய்தால் பேஸ்ட். மெனு வரும் என்று நினைத்து ரைட் கிளிக் செய்கிறவர்கள், கிளிப்போர்டில் இருந்த வாட்ஸ்அப் செய்தி முழுவதையும் சர்வரில் கொட்டிவிடுகிறார்கள், அதில் வரி மாறுகிற இடமெல்லாம் என்டர் அடித்த கணக்கு. கன்ட்ரோல் சி காப்பி இல்லை, ஓடுகிற வேலையை நிறுத்தும். சேவ் செய்கிற பழக்கத்தில் கன்ட்ரோல் எஸ் அடித்துவிட்டால் திரை அப்படியே உறைந்து நிற்கும், பயந்து ஜன்னலை மூடிவிடாதீர்கள், கன்ட்ரோல் கியூ அடித்தால் திரும்ப ஓடும். பாஸ்வேர்டு அடிக்கும்போது நட்சத்திரம்கூடத் தெரியாது, அடித்துவிட்டு என்டர் போடுங்கள்.

இன்னொன்று, எழுத்தளவு, நிறம் எல்லாம் மாற்றிவிட்டு நேராக ஓபன் கொடுத்தால் அடுத்த தடவை எதுவும் இருக்காது. செஷன் பக்கத்துக்குத் திரும்பி வந்து ஒரு பெயர் கொடுத்து சேவ் செய்ய வேண்டும். அதுவும் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில்தான் போய் உட்காருகிறது, புட்டி ஃபைலை மட்டும் வேறு கம்ப்யூட்டருக்கு எடுத்துப்போனால் சேமித்தவை கூட வராது.

ஏற்காட்டில் இருந்து வேலை செய்பவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மழையும் இடியும் வந்தால் கரண்ட்டும் போகும், லைனும் போகும். கனெக்ஷன் அறுந்துவிடுகிறது என்றால் எல்லோரும் கீப்அலைவ் (இணைப்பு உயிரோடு இருக்க அவ்வப்போது சும்மா ஒரு தகவல் அனுப்புவது) போடு என்பார்கள். சும்மா விட்டு வைத்தால் ரூட்டர் இணைப்பைத் துண்டிக்கிறது என்றால் அது உதவும். ஆனால் லைன் அரை நிமிடம் போய்ப் போய் வருகிற மலையில் அது எதிராகவே வேலை செய்யலாம், ஏனென்றால் நீங்கள் எதுவும் அடிக்காமல் இருந்திருந்தால் புட்டிக்குத் தெரியாமலே கடந்துபோயிருக்கும் இடைவெளியை கீப்அலைவ் போய்த் தட்டிப் பார்த்து இணைப்பை முறித்துவிடும். அதைவிட சர்வரில் டிமக்ஸ் அல்லது ஸ்கிரீன் என்ற புரோகிராமை ஓட்டி அதற்குள் வேலையைத் தொடங்குங்கள். லைன் போனாலும் வேலை அங்கே ஓடிக்கொண்டிருக்கும், திரும்ப லாகின் செய்து ஒட்டிக்கொள்ளலாம். மாதக் கடைசிக் கணக்கு ஓடுகிற அன்றைக்கு இது இல்லாமல் உட்காராதீர்கள்.

ஸ்விட்ச், ரூட்டருக்கு கன்சோல் கேபிள் வழியாகப் போகிறவர்கள் டிவைஸ் மேனேஜரில் காம் எண்ணைப் பார்த்து அதையே கொடுங்கள். வேகம் பல கருவிகளுக்கு 9600. வெறும் திரைதான் வருகிறது, அடித்தாலும் பதில் இல்லை என்றால், ஃப்ளோ கன்ட்ரோலில் புட்டி தானாக வைத்திருக்கும் எக்ஸ்ஆன் எக்ஸ்ஆஃபை நன் (None) என்று மாற்றிப் பாருங்கள்.

கடைசியாக, தமிழில் பெயர் வைத்த ஃபைல்கள். ட்ரான்ஸ்லேஷன் பக்கத்தில் யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள், ஃபான்ட்டும் தமிழ் தெரிந்ததாக இருக்க வேண்டும். அப்படியும் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறித்தான் தெரியும், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அளவு கட்டம் என்று வைத்திருக்கிற டெர்மினலுக்கு நம் எழுத்து அடங்குவதில்லை. ஃபைல் கெட்டுப்போச்சு என்று நினைத்து அழிக்கவோ பெயர் மாற்றவோ போகாதீர்கள். சர்வரில் இருந்து ஃபைல் இறக்க உதவுகிற வின்எஸ்சிபியில் இறக்கி நோட்பேடில் திறந்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும்.