தை மாதத்தில் தஞ்சையும் குடந்தையும்: முதன்முறை செல்லும் தம்பதியருக்கு மூன்று நாள் பயணத் திட்டம்

காவிரிப் படுகைக்குச் சுற்றுலா வரும் தம்பதியர் பலர் இருபது கோயில்களின் பெயர் எழுதிய ஒரு பட்டியலோடு வந்து, பகல் பன்னிரண்டரை மணிக்கு நடை சாத்திய ஏதோ ஒரு கோயிலின் வாசலில் வாடகைக் காருக்குள் அமர்ந்து மாலை நான்கு மணிக்காகக் காத்திருப்பதை இப்பகுதியில் வாழ்கிறவர்கள் அடிக்கடி காண்கிறோம். எங்கள் ஊர்களில் பெரும்பாலான சன்னதிகள் நண்பகலில் சாத்தப்பட்டு மாலையில்தான் மீண்டும் திறக்கின்றன. ஆகவே பயணத்தின் ஒவ்வொரு நாளும் காலை, நண்பகல், மாலை என்று மூன்றாகப் பிரிந்தே கிடக்கிறது. அந்த நண்பகலை எங்கே, எப்படிக் கழிப்பது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால் மற்றவை தாமாகவே ஒழுங்குக்கு வரும். கீழே சொல்லப்படும் முறை, இதுவரை பெற்றோரோ அலுவலகமோ ஏற்பாடு செய்த பயணங்களில் மட்டுமே சென்று பழகிய, முதன்முறையாகத் தாங்களே திட்டமிடும் கணவன் மனைவிக்கானது.

படி 1: வாரத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை டெல்டாவில் கடுமையாகப் பெய்யும். 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்ததும் இந்தப் பருவத்தில்தான். மழை ஓய்ந்து பனி தொடங்கும் மார்கழியில் கோயில்கள் விடியலுக்கு முன்பே திறந்துவிடும் என்றாலும், டிசம்பர் கடைசி வாரத்தில் அரையாண்டு விடுமுறைக் கூட்டமும், மகரவிளக்கு வரையில் ஐயப்ப பக்தர்களின் பேருந்துகளும் பெரிய கோயிலை நிறைத்துவிடுகின்றன. பொங்கலையொட்டிய நாள்களில் ரயிலிலும் பேருந்திலும் இடம் கிடைப்பதே அரிது. மாட்டுப் பொங்கலன்று பெரிய கோயில் நந்திக்குக் காய்கனிகளால் செய்யப்படும் அலங்காரத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்பவர்கள் மட்டும் அந்த நெரிசலை ஏற்றுக்கொள்ளலாம்.

என் கணிப்பில் மிகப் பொருத்தமானது காணும் பொங்கலுக்குப் பிறகு ஜனவரி இறுதி வரையிலான காலம். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்பட்டு ஜனவரி 28 அன்று மூடப்படுவதால், அதற்குள் வந்தால் ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் தண்ணீர் ஓடுவதைக் காணும் வாய்ப்பு அதிகம். சம்பா அறுவடையும் அப்போதுதான் நடக்கும். ஒரு வயல் பொன்னிறமாகச் சாய்ந்திருக்க, அடுத்ததில் அறுவடை இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். பிப்ரவரி பாதிக்குப் பிறகு வெயில் ஏறத் தொடங்கிவிடும்.

நாள்காட்டியில் இன்னும் மூன்றைச் சரிபார்க்க வேண்டும். முதலாவது திருவையாற்றுத் தியாகராஜ ஆராதனை. புஷ்ய பகுள பஞ்சமியன்று, பெரும்பாலும் ஜனவரியில் வரும் இந்நாளில் காவிரிக் கரையில் நூற்றுக்கணக்கான இசைக் கலைஞர்கள் சேர்ந்தமர்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடுவார்கள். இசையில் ஈடுபாடு இருந்தால் அதற்கேற்பப் பயணத்தை அமைக்கலாம். இல்லையெனில் அன்று தஞ்சையில் அறை தேடாமலிருப்பது நலம். இரண்டாவது தைப்பூசம்; அன்று சுவாமிமலையில் நிற்க இடமிருக்காது. மூன்றாவதை வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். தை பிறந்ததும் முகூர்த்த நாள்கள் தொடங்கிவிடும். பெரிய முகூர்த்தத்தன்று கும்பகோணத்தில் நல்ல விடுதிகள் எல்லாம் கல்யாண வீட்டாருக்கே மொத்தமாகப் போய்விடும்.

படி 2: ரயில்

ரயில் முன்பதிவு இப்போது பயண நாளுக்கு 60 நாள் முன்னதாகத் தொடங்குகிறது. இங்கே ஒரு சிறு நுட்பம் உண்டு: உங்கள் ஊரிலிருந்து வரும் ரயில் இரு நகரங்களையும் தொட்டுச் செல்லுமானால், தொலைவில் உள்ள நகரத்தில் இறங்கி, திரும்பும்போது அருகில் உள்ளதில் ஏற வேண்டும். சென்னை எழும்பூரிலிருந்து இரவில் புறப்படும் உழவன் விரைவு ரயில் மயிலாடுதுறை, கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூரை அடைகிறது. ஆகவே சென்னைக்காரர்கள் தஞ்சாவூர் வரை சீட்டெடுத்து, திரும்பும்போது கும்பகோணத்தில் ஏறிக்கொள்ளலாம். கோவையிலிருந்து திருச்சி வழியாக வரும் மயிலாடுதுறை ஜன் சதாப்தியில் வருபவர்களுக்கு இதுவே தலைகீழ்: முதலில் கும்பகோணம், கடைசியில் தஞ்சாவூர். இப்படிச் செய்தால் வந்த வழியே திரும்பிச் சென்று அரை நாளை இழக்க நேராது. கீழே உள்ள நாள்வாரித் திட்டம் சென்னையிலிருந்து வருவோரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கோவைக்காரர்கள் வரிசையை மாற்றிக்கொள்ளவும்.

படி 3: அறை

முதல் இரவு தஞ்சாவூரிலும், இரண்டாம் இரவு கும்பகோணத்திலும் தங்குங்கள். இரு ஊர்களுக்கும் இடையே 40 கிலோமீட்டர்தான் என்பதால் ஒரே ஊரில் தங்கிச் சமாளிக்கலாமே என்று தோன்றும். ஆனால் இப்பயணத்தின் சிறந்த நேரம் விடியற்காலை, அந்நேரத்தில் கோயிலுக்கு நடந்து செல்லும் தூரத்தில் இருப்பதற்கு ஈடில்லை.

விடுதியைத் தொலைபேசியில் அழைத்து இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். "அறை வாடகை இருபத்துநான்கு மணி நேரக் கணக்கா, பகல் பன்னிரண்டு மணிக் கணக்கா?" என்பது முதலாவது, இரவு ரயிலில் வந்து விடிவதற்குள் இறங்குபவர்களுக்கு இந்த வேறுபாடு ஒரு நாள் வாடகையாகிவிடும். "அதிகாலையிலேயே அறை தருவீர்களா?" என்பது இரண்டாவது. கணவன் மனைவி இருவரும் தனித்தனியே அடையாள அட்டையை எடுத்துச் செல்ல வேண்டும். புதிதாகத் திருமணமானவர்களிடம் அட்டையிலுள்ள முகவரிகள் வேறுபடுவதைச் சில விடுதிகளில் கேட்பதுண்டு. திருமணப் பதிவுச் சான்றின் படம் கைப்பேசியில் இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

படி 4: பையில் வைக்க வேண்டியவை

கம்பளிச் சட்டை தேவையில்லை. அதிகாலைப் பனிக்கு ஆளுக்கொரு சால்வை போதும். கோயில் கல்தரை காலையில் சில்லென்றும் உச்சி வேளையில் சுடச்சுடவும் இருக்கும். எளிதில் கழற்றும் செருப்பு, கொசு விரட்டி, சிறு குடை, செருப்பு பாதுகாக்குமிடத்திலும் தேங்காய் பழக் கடையிலும் கொடுக்கச் சில்லறை ஆகியவற்றை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: முதல் நாள், தஞ்சாவூர்

குளித்துவிட்டு நேராகப் பெரிய கோயிலுக்குச் செல்லுங்கள். ஜனவரியில் சூரியன் ஆறரை மணியளவில் உதிக்கும். கோயில் கிழக்கு நோக்கியது என்பதால் முதல் வெயில் விமானத்தின் முகப்பில் நேராக விழும். முதலாம் இராசராசன் 1010இல் நிறைவு செய்த இக்கோயிலின் விமானம் ஏறத்தாழ 66 மீட்டர் உயரமுடையது. கேரளாந்தகன் திருவாயில், இராசராசன் திருவாயில் இரண்டையும் கடந்து உள்ளே சென்றதும் தரிசனத்தை முடித்துக்கொண்டு, அவசரமின்றி விமானத்தின் அடிப்பகுதியை ஒருமுறை வலம் வாருங்கள். அங்கே நிறைந்துள்ள கல்வெட்டுகளில் மன்னன் தான் கொடுத்தவற்றோடு தன் அக்கன் குந்தவையும் தன் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றையும் சேர்த்தே பொறிக்கச் செய்திருக்கிறான். வரிகளை நம்மால் முழுமையாகப் படிக்க முடியாவிட்டாலும், ஆயிரம் ஆண்டுப் பழைய எழுத்தில் ஓரிரு சொற்களை இருவருமாகக் கூட்டி வாசிக்க முயல்வது ஒரு மணி நேரத்தை இனிதாக விழுங்கிவிடும். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று யாராவது சொன்னால், புன்னகையோடு கேட்டுவிட்டு நிழலில் ஒதுங்கி நின்றுகொள்ளுங்கள். அது நன்றாகவே விழும்.

நண்பகலுக்கு உரியது அரண்மனை வளாகம். சரசுவதி மகால் நூலகத்தைச் செழிக்கச் செய்தவர் 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர். நூலகத்தை ஒட்டிய காட்சிக்கூடத்தில் ஓலைச்சுவடிகளையும் படங்களையும் காணலாம். அதைவிட அதிக நேரத்தைக் கலைக்கூடத்தின் செப்புத் திருமேனிகளுக்கு ஒதுக்கச் சொல்வேன். திருவெண்காட்டிலிருந்து வந்த இடபவாகனர், முன்னே இல்லாத காளையின் மேல் கையை ஊன்றி நிற்கும் அந்தத் தோரணை, வேறெந்தச் சிலையிலும் எளிதில் காணக் கிடைக்காதது. அதே ஊரிலிருந்து வந்த கல்யாணசுந்தரர் தொகுதியில் சிவன் கைப்பிடிக்க, பார்வதி நாணித் தலை சாய்த்து நிற்கிறாள். தம்பதியராக வருபவர்கள் அதன்முன் சற்று நின்றுவிட்டே நகர்வார்கள். புறப்படுமுன் அரண்மனையின் எந்தப் பிரிவுக்கு அன்று விடுமுறை என்று விடுதியில் விசாரித்துவிடுங்கள்.

மாலையில் 13 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருவையாற்றுக்குப் பேருந்தில் சென்று ஐயாறப்பரை வணங்கி, காவிரிப் படித்துறையில் அமர்ந்துவிட்டு, பாசிப்பருப்பில் கிளறிய அசோகா அல்வாவைச் சூடாக வாங்கி உண்டு திரும்பலாம். களைப்பாக இருந்தால் இதை விட்டுவிட்டு மீண்டும் பெரிய கோயிலுக்கே சென்று அமர்வதிலும் குறையேதுமில்லை.

படி 6: இரண்டாம் நாள், கும்பகோணமும் சுவாமிமலையும்

காலை ரயிலோ பேருந்தோ பிடித்துக் கும்பகோணம் வந்து, விடுதியில் பையை வைத்துவிட்டு ஓர் ஆட்டோவை அரை நாளுக்குப் பேசிக்கொள்ளுங்கள். "அண்ணே, தாராசுரம், சுவாமிமலை, ரெண்டு இடத்துலயும் காத்திருக்கணும், எல்லாம் சேத்து எவ்வளவு?" என்று முழுத் தொகையாகக் கேட்பதே சரி, இடத்துக்கு இடம் தனித்தனியாகப் பேசினால் கணக்கு நீளும்.

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் இரண்டாம் இராசராசன் காலத்தது. தஞ்சையில் அண்ணாந்து பார்த்த கழுத்தை இங்கே குனிந்து பார்க்கப் பழக்க வேண்டும். நாயன்மார் கதைகள் கருவறைச் சுவரின் அடிவரிசையில் சாண் அளவே உள்ள சிற்பங்களாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. குதிரை இழுக்கும் தேராக அமைந்த மண்டபத்தையும், ஒரே தலையை யானையும் காளையும் பகிர்ந்துகொள்ளும் சிற்பத்தையும் தேடிக் கண்டுபிடியுங்கள்.

சுவாமிமலையில் அறுபது தமிழ் ஆண்டுகளைக் குறிக்கும் அறுபது படிகளை ஏறி முருகனை நடை சாத்துவதற்குள் தரிசித்துவிட்டால், நண்பகலைச் சிற்பக் கூடங்களில் கழிக்கலாம். மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சுட்டு மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கிறார்கள். ஒரு மண் அச்சிலிருந்து ஒரு சிலைதான் பிறக்கும். அச்சை உடைத்தால்தான் சிலை வெளிவரும். படமெடுக்குமுன் ஸ்தபதியிடம் கேட்டுக்கொள்வதும், வாங்கும் எண்ணமில்லாமல் விலை பேசாதிருப்பதும் மரியாதை.

மாலையில் கும்பகோணத்தில் சாரங்கபாணி, இராமசுவாமி ஆகிய இரண்டு கோயில்கள் போதும். பிறகு மகாமகக் குளத்தைச் சுற்றி நடந்துவிட்டு, இட்லிக்குக் கடப்பா கிடைக்கும் உணவகமாகப் பார்த்து உண்ணுங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த இந்தக் குழம்பு டெல்டாவைத் தாண்டினால் அரிது. டிகிரி காபியை அதன் பிறகு அருந்தலாம்.

இந்த நாளில்தான் வீட்டிலிருந்து தொலைபேசி வரும். அவ்வளவு தூரம் போயிருக்கிறீர்கள், அப்படியே நவக்கிரகக் கோயில்களையும் பார்த்துவிடுங்கள் என்பார்கள். ஒன்பது தலங்களையும் ஒரே நாளில் சுற்றுவது நேர்த்திக்கடனுக்கு உரிய வேறொரு பயணம்; இதனோடு அதைக் கலந்தால் இரண்டும் கெடும்.

படி 7: மூன்றாம் நாள், ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்தல்

வடக்கே 35 கிலோமீட்டரில் கங்கைகொண்டசோழபுரம். கிழக்கே மயிலாடுதுறை வழியாகத் தரங்கம்பாடி. இரண்டையும் ஒரே நாளில் செய்ய முடியும், ஆனால் நாள் முழுவதும் காரிலேயே போகும். சிற்பத்தில் மனம் செல்பவர்கள் அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடந்து முதலாம் இராசேந்திரனின் கோயிலுக்குக் காலையிலேயே செல்லட்டும்; உள்நோக்கி வளைந்தேறும் அந்த விமானத்தையும், சண்டேசருக்குச் சிவன் பூமாலை சூட்டும் சிற்பத்தையும் பார்த்தபின் நண்பகலுக்குள் திரும்பிவிடலாம். கோயில் போதும் என்று இருவரில் ஒருவராவது நினைத்தால் கடற்கரையே சரி: 1620இல் டென்மார்க்கினர் கட்டத் தொடங்கிய கோட்டை, பழைய தேவாலயங்கள், அலை. இங்கே நடை சாத்தும் கவலையே இல்லை.

படி 8: வாங்குவதும் ரயிலேறுவதும்

மாலை ஐந்து மணிக்குள் நகரத்துக்குத் திரும்புங்கள். பட்டுக்குத் திருபுவனம், விளக்குக்கு நாச்சியார்கோவில். இரண்டும் கும்பகோணத்துக்கு அருகில்தான், ஆனால் ஒரு மாலையில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கும். குத்துவிளக்கு வாங்கினால் மரையைக் கழற்றித் தனித்தனிப் பாகங்களாகப் பொதிந்து தரச் சொல்லுங்கள். சிறிய விளக்கும் எதிர்பார்த்ததைவிடக் கனமாகவே இருக்கும். தஞ்சாவூரில் வாங்கிய தலையாட்டிப் பொம்மையைத் துணிகளுக்கு நடுவே வைத்துக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கொழுந்து வெற்றிலையைக் கடைசியாக, நிலையத்துக்குச் செல்லும் வழியில் வாங்கி, வாழையிலையில் சுற்றி ஈரத்துணியால் மூடிக்கொண்டால் மறுநாள் வீட்டில் பிரிக்கும்போதும் வாடாமல் இருக்கும்.