ஏரியின் தரத்தை நீங்களே மதிப்பிடுவது எப்படி?

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தால் அது நல்ல ஏரி என்று முடிவு கட்டிவிடுகிறோம். அமிலமாகிப்போய் மீன்களே இல்லாத ஏரியும் அப்படித்தான் பளிச்சென்று இருக்கும். மீனும் பறவையும் நிறைந்த ஏரி குளிக்க லாயக்கில்லாமல் இருக்கலாம். எனவே ஒரே மதிப்பெண் வேண்டாம். நோட்டில் இடது பக்கம் நீரின் நலம், வலது பக்கம் மனிதப் பயன்பாடு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

படி 1: தெளிவை அளப்பது

தேவையானது செக்கி வட்டு. 1865இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் கடலில் சோதித்த கருவி இது. 20 செ.மீ. அகலத் தட்டை நான்காகப் பிரித்துக் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பூசி, அடியில் எடை கட்டுங்கள். இழுத்தால் நீளாத கயிற்றில் 10 செ.மீ.க்கு ஒரு குறி போடுங்கள்.

வெயில் நன்றாக இருக்கும் பகல் வேளையில், படகின் நிழல் பக்கம் வட்டை இறக்குங்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். வட்டு மறையும் ஆழம் 1.1 மீட்டர், மேலே இழுக்கும்போது மீண்டும் தெரியும் ஆழம் 0.9 மீட்டர் என்றால் சராசரி 1 மீட்டர். 1977இல் ஏரி ஆய்வாளர் கார்ல்சன் வகுத்த ஊட்டநிலைக் குறியீட்டில் (ஏரியில் ஊட்டச்சத்தும் பாசியும் எந்த அளவில் என்று காட்டும் எண்) இது 60. தெளிவு இரண்டு மடங்கானால் குறியீடு 10 குறையும்: 2 மீட்டருக்கு 50, 4 மீட்டருக்கு 40. 50க்கு மேல் என்றால் ஊட்டச்சத்து மிகுந்து பாசி பெருகும் நிலை.

ஆனால் நீர் செம்மண் நிறத்தில் கலங்கியிருந்தால் இந்தக் கணக்கை நம்பாதீர்கள். வட்டை மறைப்பது பாசியா சேறா என்று அதற்குத் தெரியாது.

படி 2: எந்தப் பாசி?

பச்சையாக இருப்பதெல்லாம் ஆபத்து இல்லை. ஒரு குச்சியால் தூக்கிப் பாருங்கள். தலைமுடி போல நீளமாகத் தொங்கினால் பெரும்பாலும் இழைப்பாசி. அருவருப்பாக இருக்கும், அவ்வளவுதான். பெயின்ட் கொட்டியது போலப் படர்ந்து, குச்சியில் பூச்சாக மட்டும் ஒட்டினால் நீலப்பச்சைப்பாசியாக இருக்கலாம். கையுறை போட்டு ஒரு பாட்டிலில் பிடித்து, ஆட்டாமல் இரவு முழுக்க வையுங்கள். மேலே மிதந்து திரண்டால் சந்தேகம் வலுக்கும். அதன் சில வகைகள் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சை உண்டாக்கும். எனவே ஆய்வகம் உறுதி செய்யும்வரை குழந்தைகளையும் நாய்களையும் கிட்டே விடாதீர்கள்.

படி 3: ஆக்சிஜன்

மதிய நேர அளவு மட்டும் போதாது. பகலில் பாசி ஆக்சிஜனை வெளியிடும். இரவெல்லாம் தானும் சுவாசித்துக் குறைத்துவிடும். விடியலுக்கு முன் எடுத்த அளவுதான் உண்மையைச் சொல்லும். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பல மீன்கள் திணறத் தொடங்கும். அடியிலிருந்து எடுத்த நீரில் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அங்கே ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்று பொருள்.

படி 4: வலது பக்கம்

இங்கே ஒவ்வொரு செயலுக்கும் தனி வரி. படகுக்கு ஆழமும் மூழ்கிய மரங்களும் முக்கியம். தூண்டிலுக்குக் கரையோரச் செடிகள் நல்லது. நீச்சலுக்கு அவையே தொல்லை. நீச்சலுக்குக் கரைச் சரிவும் அடிச் சேறும் பார்க்க வேண்டும், கூடவே ஈ.கோலை (மலக் கழிவு கலந்திருப்பதைக் காட்டும் பாக்டீரியா) சோதனையும். கிருமி நீக்கிய பாட்டிலில் முழங்கை ஆழத்தில் நீர் எடுத்து, ஐஸில் வைத்து, 6 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேருங்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2012 அளவுகோல்களில் ஒன்று, 100 மி.லி.க்குச் சராசரியாக 126 ஈ.கோலை வரை. பெருமழைக்குப் பின் இது எகிறும்.

நீர்த்தேக்கம் என்றால் இன்னும் கவனம். மட்டம் ஏறி இறங்குவதால் நேற்றைய கரை இன்று சேறாகலாம். மதகுக்கு அருகே நீரின் இழுப்பு பலமானது. அங்கே நீச்சலுக்கு மதிப்பெண்ணே போடாதீர்கள்.

கடைசியில் உங்கள் பதிவு இப்படி இருந்தால் போதும்: "படகுக்குச் சரி. தூண்டிலுக்கு நன்று. நீச்சல் கிழக்குக் கரையில் மட்டும், மழை பெய்தால் இரண்டு நாள் வேண்டாம்."